அடிபட்ட கெக்கோவைத் தேற்றுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் லெப்பர்டு கெக்கோவை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய இடங்களின் வறண்ட பாறை நிலத்துப் பல்லி இது. கிரெஸ்டட் கெக்கோ போன்ற இனங்களுக்கு வேறு மாதிரி செய்ய வேண்டிய இடங்களை ஆங்காங்கே குறித்திருக்கிறோம். கணக்குச் சொல்லும் இடங்களில் 60 கிராம் எடையுள்ள வளர்ந்த பல்லி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதுதான் அடிபட்டது. முதலில் என்ன செய்வது?

ரத்தம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் சுத்தமான காஸ் துணியை மடித்து வைத்து, விரல் நுனியால் மெதுவாக அழுத்தி 5 நிமிடம் அப்படியே பிடியுங்கள். நின்றதா என்று நடுவில் தூக்கிப் பார்த்தால் உறைந்தது பிய்ந்து மறுபடி ஒழுகும். நகம் பிய்ந்திருந்தால் மட்டும் நுனியில் கொஞ்சம் சோளமாவு வைத்து அழுத்தலாம். திறந்த புண்ணில் எந்த மாவும் வேண்டாம்.

ரத்த அளவை நம் கண்ணால் எடை போடக் கூடாது. 60 கிராம் பல்லியின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே 3 முதல் 5 மி.லி. தான், அதாவது ஒரு டீஸ்பூன் நிறையாது. அதில் பத்தில் ஒரு பங்கு என்றால் எட்டுப் பத்துச் சொட்டு. டிஷ்யூ காகிதத்தில் நமக்குச் சின்னக் கறையாகத் தெரிவது அதற்குப் பெரிய இழப்பு. பத்துச் சொட்டுக்கு மேல் போயிருந்தால், ரத்தம் நின்றுவிட்டாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்து, மற்ற பல்லிகள், பூனை, குழந்தைகள் எல்லாரிடமிருந்தும் பிரித்து, காகிதம் விரித்த சின்னப் பெட்டியில் விட்டு, மூடி, இருட்டாக வையுங்கள். அதிர்ச்சியில் இருக்கும் பல்லியை நேராகச் சூடான தட்டின் மேல் போடாதீர்கள். முதல் ஒரு மணி நேரம் 26 முதல் 28 டிகிரி போதும். துவண்டு கிடக்கும் பல்லியின் வாயில் தண்ணீர் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும்.

எந்தக் காயத்துக்கு மருத்துவரிடம் ஓட வேண்டும், எதற்குக் காத்திருக்கலாம்?

பூனை கடித்தது, எலும்பு முறிந்தது, கண்ணில் பட்டது, தாடை கோணியது, வயிறு கிழிந்தது, தீக்காயம், ஆசனவாய்ப் பக்கம் சிவப்பாக ஏதோ வெளியே தள்ளி நிற்பது, பின்னங்கால்கள் இரண்டும் இழுபடுவது: இவை எல்லாம் அன்றைக்கே போக வேண்டியவை. சுத்தமாக அறுந்த வால், மேல் தோல் சிராய்ப்பு, ஒரு நகம் போனது ஆகியவற்றை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

பூனைக்கடியைத் தனியாகச் சொல்ல வேண்டும். பல் போன இடம் ஊசிக்குத்து அளவே இருக்கும், பல்லியும் நன்றாக ஓடும். ஆனால் பூனை வாயில் இருக்கும் பாஸ்டுரெல்லா கிருமி அந்தத் துளை வழியே ஆழத்தில் இறங்கி, வெளியே தோல் மூடிக்கொள்ளும். இரண்டு மூன்று நாள் கழித்துத் திடீரென்று துவண்டுபோகும்போது நேரம் கடந்திருக்கும். ‘சும்மா கவ்விவிட்டு விட்டுவிட்டது’ என்று தோன்றினாலும் 24 மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் தொடங்கிவிட வேண்டும்.

ஆசனவாய் வழியே வெளியே தள்ளிய சதை காய்ந்துவிட்டால் காப்பாற்ற முடியாது. கெட்டியான சர்க்கரைக் கரைசலில் நனைத்த காஸை அதன் மேல் வைத்து, ஈரம் காயாமல் எடுத்துப் போங்கள். சர்க்கரை வீக்கத்திலுள்ள நீரை இழுத்து அதைச் சுருங்க வைக்கும்.

நாய் பூனை பார்க்கும் மருத்துவர் போதுமா?

ஊர்வன பார்த்துப் பழகியவர் கிடைத்தால் அவரிடமே போங்கள். கிடைக்காத ஊரில், பறவை, முயல் போன்ற சின்ன உயிர்களைப் பார்ப்பவர் அடுத்த தெரிவு. மருந்து அளவு கிராமில் கணக்காகும் என்பது அவர்களுக்குக் கைப்பழக்கம். போகும்போது இன்றைய எடை, பெட்டியின் சூடான பக்கத்துத் தரை வெப்பம், கடைசியாகத் தின்ற நாள், கடைசி எச்சம் ஒரு சின்ன டப்பாவில், காயம் பட்டவுடன் எடுத்த படம் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். பயணத்துக்கு மூடியில் துளையிட்ட உணவு டப்பா போதும். உள்ளே கிச்சன் டவலைக் கசக்கிப் போட்டால் குலுங்காது. குளிர் காலமானால் வெந்நீர்ப் பாட்டிலைத் துண்டில் சுற்றி டப்பாவுக்கு வெளியே, ஒரு பக்கம் மட்டும் படும்படி வையுங்கள்.

புண்ணை எதால் கழுவுவது? மஞ்சள் வைக்கலாமா?

மருந்துக்கடையில் கிடைக்கும் நார்மல் சலைன்தான் முதல் மருந்து. கிடைக்காத நேரத்தில் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 9 கிராம் உப்பு. உப்பை நிறுத்துப் போடுங்கள், கைக்கணக்கு இதற்கு ஒத்துவராது. ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்து, ஒழுகவிட்டுக் கழுவினால் மண்ணும் நாரும் தானே வெளியே வரும். பஞ்சால் தேய்க்காதீர்கள், இழை புண்ணில் ஒட்டும்.

கிருமிநாசினி வேண்டுமென்றால் இரண்டில் ஒன்று. 10 சதவீத பீட்டாடின் கரைசல் 5 மி.லி. எடுத்து 100 மி.லி. சலைனில் கலந்தால் பால் விடாத வெளிர் டீ நிறம் வரும். அதற்கு மேல் நிறம் இருந்தால் புதிதாக வளரும் திசுவையும் சேர்த்தே கொல்லும். இல்லையென்றால் 2 சதவீத குளோர்ஹெக்சிடின் 5 மி.லி. எடுத்து 200 மி.லி. ஆகும் வரை கொதித்து ஆறிய நீர் சேர்த்துக்கொள்ளுங்கள். குளோர்ஹெக்சிடின் கண், காதுத் துளை பக்கம் போகவே கூடாது. ஒரு நாளைக்கு ஒரு முறை, அதிகம் போனால் இரண்டு முறை. அடிக்கடி கழுவினால் புண் ஆறும் என்று நினைப்பதுதான் பல பல்லிகளின் பொருக்கைப் பிய்த்துப் போடுகிறது.

டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு, டீ ட்ரீ எண்ணெய் எதுவும் வேண்டாம். மஞ்சள் தூள், காப்பித் தூள், சாம்பல் என்று நம் வீடுகளில் கை போகும் பொருள்கள் புண்ணின் மேல் ஓடுபோல் காய்ந்து, அடியில் என்ன நடக்கிறது என்பதை மறைத்துவிடும். அடுக்களை மஞ்சள் கிருமி நீக்கிய பொருளும் இல்லை. தேங்காய் எண்ணெய் தடவினால் பல்லி அதை நக்கும், காகிதத் தூசும் அதில் ஒட்டும்.

ஆன்டிபயாடிக் களிம்பு வைப்பதானால் கடுகளவு எடுத்து, மெழுகுபோல் மெல்லிய படலமாக மட்டும். குழாயின் மேல் ‘வலி நிவாரணம்’ என்று எழுதியிருந்தால் அதைத் தொடாதீர்கள். அதில் சேர்க்கும், பெயர் ‘கெயின்’ என்று முடியும் மரப்பு மருந்துகள் இந்த எடைக்கு விஷமாகலாம்.

தேறும் வரை எந்த மாதிரிப் பெட்டியில் வைக்க வேண்டும்?

பழைய கண்ணாடித் தொட்டியை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், கொஞ்ச காலம் மறந்துவிடுங்கள். 45 க்கு 30 சென்டிமீட்டர் அளவில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, பக்கவாட்டில் காற்றுத் துளைகள், தரையில் அச்சு இல்லாத வெள்ளைக் கிச்சன் டவல் இரண்டு மடிப்பு. வெள்ளை எதற்கென்றால் ரத்தம், சீழ், எச்சம் எதுவானாலும் உடனே கண்ணில் படும். தினமும் மாற்றுங்கள், எச்சம் கண்டால் அப்போதே மாற்றுங்கள். மணல், தேங்காய் நார்த்தூள், மரச் செதில் எல்லாம் திறந்த புண்ணுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும்.

சூடான பக்கம் ஒரு ஒளிவிடம் (பல்லி ஒளிந்துகொள்ளும் மறைவான இடம்), குளிர்ந்த பக்கம் ஒன்று. காகிதத் தட்டையோ தயிர் டப்பாவையோ வாசல் வெட்டிக் கவிழ்த்தால் ஆயிற்று, அழுக்கானால் தூக்கி எறியலாம். ஏறுவதற்கு எதுவும் வேண்டாம். தண்ணீர்க் கிண்ணம் கால் மூழ்காத ஆழத்தில் இருக்கட்டும். ஈரப் பாசி வைத்த ஒளிவிடத்தைப் புண்ணில் பொருக்குக் கட்டும் வரை எடுத்துவிட்டு, பிறகு திருப்பி வையுங்கள்.

ஈயும் எறும்பும் வெப்ப நாட்டு வீடுகளில் உண்மையான ஆபத்து. ஈ உட்கார்ந்த புண்ணில் புழு வைத்துவிடும். துளைகளுக்கு உள்பக்கம் கொசுவலைத் துணி ஒட்டுங்கள். பெட்டியை நான்கு கிண்ணத் தண்ணீரில் கால் வைத்த ஸ்டாண்டின் மேல் வையுங்கள், பாட்டிகள் பலகாரப் பாத்திரத்தை வைத்த அதே முறைதான். கொசுவத்தியும் கொசு மருந்து இயந்திரமும் அந்த அறையில் வேண்டாம்.

சூடு எவ்வளவு? காய்ச்சல்காரருக்குப் போலக் குளிர்ச்சியாக வைத்தால் என்ன?

பல்லியின் எதிர்ப்புச் சக்தி, செரிமானம், மருந்து வேலை செய்யும் வேகம் எல்லாமே வெளிச் சூட்டை நம்பியவை. குளிர்ந்த பெட்டியில் ஆன்டிபயாடிக் கொடுப்பது அடுப்பு மூட்டாமல் உலை வைப்பது போலத்தான். காயம் பட்டே சாகும் பல்லியைவிட, காயத்துக்குப் பின் குளிரில் வைக்கப்பட்டுக் கிருமி முற்றிச் சாகும் பல்லி அதிகம் என்பது இதில் பழகியவர்களின் எண்ணம்.

லெப்பர்டு கெக்கோவுக்குச் சூடான ஒளிவிடத்தின் தரை 32 முதல் 34 டிகிரி, மறுமுனை 25 டிகிரி அளவில். சாதாரண நாளில் இரவு 20 வரை இறங்கினால் கவலையில்லை. தேறும் காலத்தில் 24 க்குக் கீழே விடாதீர்கள். ஹீட் மேட்டை (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு) பெட்டியின் மூன்றில் ஒரு பங்குக்கு அடியில் வைத்து, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் உணர்முனையை உள்ளே தரைக் காகிதத்தின் மேல் ஒட்டுங்கள். சுவரில் ஒட்டினால் அது காற்றைத்தான் அளக்கும், தரை 40 தாண்டியது தெரியாது. தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட் மேட்டும் செயற்கைச் சூட்டுக் கல்லும்தான் வயிற்றுத் தீக்காயங்களுக்கு வழக்கமான காரணம்.

மின்சாரம் போனால் பெட்டியைத் தெர்மோகோல் பெட்டிக்குள் இறக்கி, துண்டு சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலைப் பக்கத்தில் வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றினால் இரவு தாண்டலாம்.

கிரெஸ்டட் கெக்கோவுக்கு இந்தக் கணக்கை அப்படியே எடுத்தால் செத்துவிடும். நியூ கலிடோனியத் தீவின் மரப்பல்லி அது. 22 முதல் 26 டிகிரியே அதற்குச் சுகம், 28 தாண்டினாலே திணறும்.

வால் முழுதாக அறுந்துவிட்டது. கட்டுப் போட வேண்டுமா?

வேண்டாம். வால் எலும்புகளில் உடைவதற்கென்றே கோடுகள் இருக்கின்றன. உடைந்ததும் சுற்றியுள்ள தசை சுருங்கி ரத்தக் குழாயை அடைத்துவிடும், அதனால் இரண்டு மூன்று சொட்டோடு நின்றுவிடும். காற்றாடச் சுத்தமான காகிதத்தின் மேல் விட்டுவிடுவதே வைத்தியம். களிம்பு, கட்டு, பவுடர் எதுவும் தேவையில்லை. அறுந்த வால் சில நிமிடம் துள்ளும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

ஒரு வாரத்தில் முனை மூடி, பிறகு கறுத்த சின்ன மொட்டு கிளம்பும். ஒரு மாதத்தில் வால் என்று சொல்லும்படி இருக்கும், முழு வடிவத்துக்கு இரண்டு மூன்று மாதம் பிடிக்கலாம். புது வாலில் எலும்பு கிடையாது, நடுவே குருத்தெலும்புக் குழல்தான். செதிலும் புள்ளியும் பழையபடி வராது. டர்னிப் கிழங்கு மாதிரி உருண்டையாக, வழவழப்பாக இருக்கும். நோய் என்று நினைத்துப் பயப்படுபவர்கள் நிறைய.

கவனிக்க வேண்டியது வேறு இடத்தில். லெப்பர்டு கெக்கோவின் கொழுப்புச் சேமிப்பில் பெரும்பங்கு வாலில்தான். வாலுள்ள வளர்ந்த பல்லி இரண்டு வாரம் பட்டினி கிடந்தாலும் தாங்கும். வால் போனதற்கு அந்தச் சலுகை இல்லை, கூடவே புது வால் வளர்க்கும் செலவும் சேர்ந்துகொண்டது. முளைக்கும் வரை தீனி விட்டுப்போகக் கூடாது.

கிரெஸ்டட் கெக்கோவுக்கு வால் திரும்ப முளைக்காது. சின்னக் கூரோடு கடைசி வரை நன்றாகவே வாழும். காட்டில் வளர்ந்தவற்றில் பெரும்பாலானவை வாலில்லாமல்தான் திரிகின்றன. விரலும் காலும் எந்தக் கெக்கோவுக்கும் திரும்பி வராது.

வால் பாதி அறுந்து தொங்குகிறது. பிய்த்துவிடலாமா?

இழுக்காதீர்கள். கதவு இடுக்கில் நசுங்கிய வால், தானே விட்ட வால் மாதிரி இல்லை. உடைவுக் கோட்டில் உடையாததால் தசை மூடிக்கொள்ளாது, ரத்தமும் கிருமியும் இரண்டுமே ஆபத்து. மருத்துவர் மரக்கவைத்து, நல்ல கணுவில் எடுத்துவிடுவார். கறுப்பு நிறம் முனையிலிருந்து உடம்பை நோக்கி நாளுக்கு நாள் ஏறினால் திசு செத்துக்கொண்டு வருகிறது. பேனாவால் மெல்லக் கோடிட்டு வைத்து, மறுநாள் கோடு தாண்டியிருந்தால் உடனே கொண்டுபோங்கள்.

வலிக்கு பாராசிட்டமால் துளி கொடுக்கலாமா?

கூடாது. வீட்டு மாத்திரைப் பெட்டியில் இருக்கும் எதுவும் கூடாது. ஏன் என்பதற்கு ஒரு கணக்கு: ஊர்வனவற்றுக்கு மருத்துவர்கள் வழக்கமாகத் தருவது மெலாக்சிகாம், கிலோவுக்கு 0.2 முதல் 0.5 மி.கி. வரை. 60 கிராம் பல்லிக்கு 0.012 முதல் 0.03 மி.கி. மனிதர்களுக்கான 7.5 மி.கி. மாத்திரை ஒன்றில் அந்தப் பல்லிக்கு 250 முதல் 625 வேளை மருந்து இருக்கிறது. அதை நுணுக்கிக் கண்மதிப்பில் பிரிக்க முடியுமா? நாய்களுக்கான, மி.லி.க்கு 1.5 மி.கி. உள்ள திரவத்திலும் தேவைப்படுவது ஒரு சொட்டில் பாதிகூட இல்லை, அதனால்தான் மருத்துவர் நீர்க்கச் செய்து தருவார். உடம்பு வற்றிய பல்லிக்குக் கொடுத்தால் சிறுநீரகம் கெடும் என்பதால் முதலில் நீர்ச்சத்து, பிறகுதான் இந்த மருந்து.

வலி இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? சத்தம் போடாது. நிறம் மங்கிக் கறுக்கும், பகலெல்லாம் ஒளிவிடத்துக்கு வெளியே தட்டையாகப் படுத்திருக்கும், கண்ணைப் பாதி மூடியிருக்கும், தொட்டால் சட்டென்று கடிக்க வரும் அல்லது அசையவே அசையாது.

ஊசி மருந்து தந்து வீட்டில் போடச் சொல்கிறார்களே?

செஃப்டாசிடிம் என்ற ஆன்டிபயாடிக்தான் அதிகம் எழுதப்படும் மருந்து. மூன்று நாளுக்கு ஒன்று என்பதால் அடிக்கடி பிடிக்க வேண்டியதில்லை. கலக்கிய மருந்து வெளியில் வைத்தால் கெடும், அதனால் வேளைக்கு ஒன்றாகச் சிரிஞ்சில் நிரப்பி உறையவைத்துத் தருவார்கள். ஒன்றை எடுத்துக் கையில் பிடித்துக் கரைத்துப் போட வேண்டும். முன்னங்கால் பக்கமே போடுங்கள். பின் பாதியில் போட்டால் அங்கிருந்து வரும் ரத்தம் முதலில் சிறுநீரகம் வழியாகப் போவதால் மருந்தில் ஒரு பகுதி வீணாகலாம், சில மருந்துகள் சிறுநீரகத்தையே பாதிக்கலாம். என்ரோஃப்ளாக்சசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக் ஊசி போட்ட இடம் கறுத்துப் புண்ணானால் மருந்தின் காரம் அது. அடுத்த வேளைக்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். சரியாகிவிட்டது போலிருக்கிறதே என்று பாதியில் நிறுத்த வேண்டாம்.

தின்ன மாட்டேன் என்கிறது. எப்போது ஊட்ட வேண்டும்?

முதல் இரண்டு நாள் கேட்கவே வேண்டாம், தண்ணீர் போதும். மூக்கு நுனியில் ஒரு சொட்டு வைத்தால் நக்கும், பத்து முறை நக்கினால் ஒரு வேளைக்குப் போதும். மூன்றாம் நாள் மாலை, அது இயல்பாக விழிக்கும் நேரத்தில், கால்சியம் தூவிய டுபியா கரப்பான் குட்டி, பட்டுப்புழு, கறுப்புச் சிப்பாய் ஈயின் புழு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைப் பிளாஸ்டிக் இடுக்கியால் காட்டுங்கள். உலோக இடுக்கி தாடையைக் காயப்படுத்தும். சுவர்க்கோழிகளைப் பெட்டிக்குள் விட்டு வைக்காதீர்கள். பல்லி அசையாமல் கிடந்தால் அவை புண்ணையும் விரலையும் கொறிக்கும், ஒரு இரவே போதும். மெழுகுப்புழுவை எல்லாப் பல்லியும் விரும்பும், எடை ஏற வாரத்துக்கு இரண்டு கொடுக்கலாம். பழகிவிட்டால் வேறெதையும் தொடாது, அதுதான் சிக்கல்.

ஊட்டலாமா என்பதைத் தராசு சொல்லும். ஒரு கிராம் துல்லியமுள்ள சமையல் தராசு வாங்கி, இரண்டு நாளைக்கு ஒரு முறை, ஒரே நேரத்தில், டப்பாவோடு நிறுத்துக் கழியுங்கள். வால் அறுந்த பல்லிக்குப் பழைய எடையோடு ஒப்பிடக் கூடாது. 62 கிராம் இருந்தது வாலில்லாமல் 54 என்றால் இனி 54 தான் தொடக்கம். அதில் பத்துச் சதவீதம், அதாவது 5.4 கிராம் குறைந்து 48.6 க்கு வந்தால் மருத்துவரிடம் கேட்டு ஊட்டத் தொடங்க வேண்டும்.

ஆக்ஸ்பவ் கார்னிவோர் கேர் போன்ற, ஊனுண்ணிகளுக்கான பொடி உணவை நீரில் தளரக் கரைத்து, 1 மி.லி. சிரிஞ்சில் எடுத்து, உதட்டோரம் ஒரு சொட்டு வைத்து நக்கவிடுங்கள். உடல் எடையில் 1 முதல் 2 சதவீதம் ஒரு வேளைக்கு எல்லை: 50 கிராமுக்கு அரை முதல் ஒரு மி.லி. முதல் நாள் கால் மி.லி. போதும். உடம்பு வற்றியிருந்தால் ஒரு நாள் நீர் மட்டும் கொடுத்துவிட்டுத்தான் உணவு. நெடுநாள் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று முழு உணவு இறங்கினால் ரத்தத்து உப்புகள் நிலைகுலையும். வாயை நெம்பித் திறக்காதீர்கள், தாடையும் பல்லும் அவ்வளவு மெல்லியவை. பெட்டி குளிர்ந்திருக்கும்போது ஊட்டினால் வயிற்றிலேயே அழுகும்.

எச்சத்தையும் பாருங்கள். பழுப்போடு வெள்ளைக் கட்டி வந்தால் நல்லது. வெள்ளைக்குப் பதில் மஞ்சளோ ஆரஞ்சோ தெரிந்தால் நீர் போதவில்லை என்று வையுங்கள்.

புண்ணில் சீழ் ஒழுகவில்லை, கெட்டியாக ஒரு கட்டி மட்டும் இருக்கிறது. ஆறுகிறதா?

பெரும்பாலும் அதுதான் சீழ். ஊர்வனவற்றின் வெள்ளை அணுக்களுக்குச் சீழை நீர்க்கச் செய்யும் நொதி போதாது. அதனால் பாலாடைக்கட்டி போல இறுகி உள்ளேயே உட்கார்ந்துவிடும். அழுத்தினால் வராது, ஆன்டிபயாடிக்கும் அதற்குள் நுழையாது. மருத்துவர் கீறி உறையோடு எடுத்தால்தான் தீரும். ஓரச் சிவப்பு, சூழ வீக்கம், வாடை, இவற்றோடு தீனி மறுப்பதும் சேர்ந்தால் காத்திருக்காதீர்கள்.

தீக்காயத்துக்கு?

குழாய்த் தண்ணீரின் இயல்பான குளிர்ச்சியில் காஸை நனைத்துப் பத்து நிமிடம் ஒற்றுங்கள். ஐஸ் வேண்டாம். சுட்ட அன்றைக்கு நிறம் மாறியதாக மட்டும் தெரிந்து, சில நாளில் தோல் கழன்று ஆழம் வெளிப்படுவது வழக்கம், ஆகவே முதல் நாள் தோற்றத்தை நம்ப வேண்டாம். மருத்துவர்கள் 1 சதவீத சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு தருவார்கள். தோல் இல்லாத இடம் வழியே நீர் போய்க்கொண்டே இருக்கும், ஆகவே தண்ணீர் கொடுப்பதில் தளராதீர்கள். முழுதாக ஆற மாதங்கள் ஆகலாம்.

கால் முறிந்திருக்கிறது. ஐஸ் குச்சி வைத்துக் கட்டலாமா?

வேண்டாம். வீட்டில் போடும் கட்டு மூட்டுக்கு நேராக அமையாது, இறுகினால் பாதம் கறுத்துப்போகும். பெட்டியைச் சிறிதாக்கி, ஏறும் பொருளை எடுத்துவிட்டு, எக்ஸ்ரேவுக்குக் கொண்டுபோங்கள். சில முறிவுக்குக் காலை உடலோடு சேர்த்து ஒட்டுவார்கள், சிலவற்றுக்கு ஓய்வு மட்டுமே.

கேட்க வேண்டிய கேள்வி, ஏன் முறிந்தது? கட்டிலிலிருந்து விழுந்த ஆரோக்கியமான பல்லிக்கு எலும்பு லேசில் உடையாது. கையில் எடுத்ததற்கே உடைந்தது என்றால் கால்சியமும் டி3 சத்தும் குறைந்து எலும்பு ரப்பராகியிருக்கலாம். எக்ஸ்ரேயில் மற்ற எலும்புகளின் அடர்த்தியையும் பார்க்கச் சொல்லுங்கள். அடிப்படை சரியாகாமல் முறிந்த எலும்பு சேராது.

கண்ணில் அடிபட்டால் சொட்டு மருந்து விடலாமா?

சலைன் மட்டும். வீட்டில் கிடக்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்து, கருவிழியில் கீறலும் இருந்தால் ஓட்டையாகிவிடும். கீறலைக் காட்டும் ஃப்ளோரசீன் சாயத்தை மருத்துவர் விட்டுப் பார்த்த பிறகே மருந்து.

தையல் எப்போது பிரிப்பார்கள்? இரண்டு வாரமாகியும் அப்படியே இருக்கிறதே.

நாய்க்குப் பத்துப் பதினான்கு நாள். பல்லிக்கு நான்கு முதல் ஆறு வாரம், சில சமயம் அடுத்த சட்டை உரிக்கும் வரை. மெதுவாக ஆறுவதே இயல்பு.

சட்டை உரிக்கும்போது புண் இடத்தில் ஒட்டிக்கொள்கிறது.

காயத்துக்குப் பின் வழக்கத்தைவிட அடிக்கடி உரிக்கும், அது நல்லதுதான். ஆனால் தழும்புள்ள இடத்திலும் விரல்களிலும் பழைய சட்டை வளையம்போல் நின்று இறுகினால் அதற்குக் கீழே ரத்தம் ஓடாது, விரல் விழுந்துவிடும். புண் மூடிய பிறகு 30 டிகிரி வெதுவெதுப்பான நீரில், பாதம் நனையும் அளவுக்கு மட்டும், பத்துப் பதினைந்து நிமிடம் நிற்கவைத்து, ஈரப் பஞ்சுக் குச்சியை உருட்டினால் கழன்று வரும். வராததை இழுக்காதீர்கள், மறுநாள் பார்க்கலாம்.

கூட இருந்த பல்லி கடித்தது. ஆறியதும் சேர்த்துவிடலாமா?

இல்லை. லெப்பர்டு கெக்கோ தனியாக வாழும் உயிர், துணை இல்லாமல் ஏங்காது. கடித்தது மறுபடி கடிக்கும்.

வீட்டுச் சுவரில் திரியும் பல்லி கதவில் மாட்டிக்கொண்டால் இதெல்லாம் செய்யலாமா?

வால் போனதென்றால் ஒன்றும் செய்ய வேண்டாம், தானே பார்த்துக்கொள்ளும். நம் கையில் அடைத்து வைப்பதே அதற்குப் பெரிய அதிர்ச்சி.

எப்போது பழைய தொட்டிக்கு மாற்றலாம்?

புண் முழுதாக மூடி, அதன் மேல் ஒரு முறையாவது சட்டை சுத்தமாக உரிந்து, எடை மூன்று வாரம் தொடர்ந்து நிலைத்தோ ஏறியோ இருந்தால். அதுவரை மருந்து வைப்பதைத் தவிர வேறெதற்கும் கையில் எடுக்காதீர்கள். ஒவ்வொரு முறை தொட்ட பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், பல்லியின் சாமான்களை அடுக்களைத் தொட்டியில் கழுவாதீர்கள், வயிற்றுப்போக்கு தரும் சால்மொனெல்லா கிருமி இருக்கும். கால் போன பல்லிக்குப் புதுத் தொட்டியில் உயரமான கல் வேண்டாம், தரையோடு தாழ்ந்த வாசலுள்ள ஒளிவிடம் வையுங்கள். மூன்று காலோடு எத்தனையோ கெக்கோக்கள் தங்கள் முழு ஆயுளான 15, 20 ஆண்டுகளையும் வாழ்ந்திருக்கின்றன.

தேறாது என்று தெரிந்தால்?

முதுகெலும்பு உடைந்து பின் உடல் முழுதும் செயலற்று, எச்சம் தானாக வெளியேறாமல், ஊட்டியும் எடை இறங்கிக்கொண்டே போனால் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். மயக்க மருந்து கொடுத்து, உணர்வு போன பிறகு செய்யும் ஊசி சில நிமிட வேலை. ஃப்ரீசரில் வைத்தால் தூக்கத்திலேயே போய்விடும் என்று சொல்வதை நம்பாதீர்கள். மெல்ல உறைவது வலியற்ற சாவு இல்லை, கால்நடை மருத்துவ நெறிமுறைகள் அதை ஏற்பதில்லை. பல்லியின் இதயம் நின்ற பிறகும் மூளை வெகு நேரம் தாங்கும் என்பதால், போய்விட்டதா என்பதை மருத்துவரே உறுதி செய்யட்டும்.